லா பாஸ்: மேட்டுக்கும் குழிக்கும் நடுவே ஒரு நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னமெரிக்காவில், பொலிவியா நாட்டின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் இருக்கும் லா பாஸ் நகரத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, சில இரண்டு வரிதான். இந்த ஊரின் வரலாற்றில் எந்தச் சம்பவத்தை எடுத்தாலும், அப்போது மேட்டில் யார் இருந்தார்கள், குழிக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அதனால் புவியியலையும் வரலாற்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல் கலந்தே எழுதுகிறேன்.

லா பாஸ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

ஒரே எண்ணாகச் சொல்வது கடினம். நகரின் மையப்பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,640 மீட்டர் உயரம். புத்தகங்களில் வழக்கமாக இந்த எண்தான் இருக்கும். ஆனால் ஊரின் தென்பகுதியான சோனா சுர் 3,200, 3,300 மீட்டர் அளவிலேயே இருக்கிறது. குழியின் விளிம்பில் ஏறினால் வரும் எல் ஆல்ட்டோ நகரம் 4,000 மீட்டரைத் தாண்டிவிடும். காலையில் மேட்டிலிருந்து இறங்கி வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒருவர், தினமும் ஒரு மலையையே இறங்கி ஏறுகிறார். இரு முனைகளுக்கும் இடையே வெயிலிலும் குளிரிலும் ஐந்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

ஒரே ஊருக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் எப்படி வந்தது?

ஆண்டீஸ் மலைத்தொடர் பொலிவியாவில் இரண்டாகப் பிரிகிறது. நடுவே ஆல்ட்டிப்பிளானோ என்ற பரந்த மேட்டுச் சமவெளி, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில், தட்டையாகக் கிடக்கிறது. அதில் பெய்யும் மழைநீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை. டிட்டிகாக்கா ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து தெசாகுவாதேரோ ஆற்றின் வழியே தெற்கே போய், அந்தப் பீடபூமிக்குள்ளேயே ஆவியாகி முடிகிறது.

லா பாஸ் இருக்கும் இடத்தில் மட்டும் கதை வேறு. கிழக்கே அமேசான் பக்கமாக ஓடும் ஆறுகள் மலைச்சரிவை அரித்து அரித்து, மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்து பீடபூமியின் ஓரத்தையும் கடித்துவிட்டன. அந்த ஓரம் கெட்டிப் பாறையாக இருந்திருந்தால் அரிப்பு மெதுவாகியிருக்கும். அங்கே இருந்ததோ பழைய ஏரிகளும் பனியாறுகளும் கொண்டுவந்து குவித்த களிமண், மணல், கூழாங்கல். அரிப்புக்கு எளிதில் இடம் கொடுத்துவிட்டது. அப்படி உருவான பள்ளத்துக்குள்தான் நகரம் உட்கார்ந்திருக்கிறது. உள்ளூர் மக்களே இதை ஓயாடா, அதாவது குழி, என்றுதான் சொல்கிறார்கள்.

நகருக்குள் ஓடும் சோக்கேயாப்பு ஆற்றில் விழும் ஒரு துளி, லா பாஸ் ஆறு, பெனி ஆறு என்று இறங்கி அமேசானில் கலந்து அட்லாண்டிக் பெருங்கடலுக்குப் போகும். மேலே எல் ஆல்ட்டோவைத் தாண்டி மேற்கே விழும் துளி கடலையே பார்க்காது. இந்த ஊரின் புவியியலில் என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான்.

ஏழைகள் மேலே, பணக்காரர்கள் கீழே என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. பல நகரங்களில் நல்ல காட்சியும் நல்ல காற்றும் உள்ள குன்றின் மேல் செல்வர்கள் வீடு கட்டுவார்கள். இங்கே தலைகீழ். கீழே இறங்க இறங்கக் குளிர் குறையும், மூச்சு எளிதாகும், மரம் செடி வளரும். அதனால் கலக்கோத்தோ, ஒப்ராஹேஸ், இர்ப்பாவி போன்ற தென்பகுதிகளில் வசதியான குடும்பங்கள் குடியேறின. சரிவுகளில் பூச்சில்லாத செங்கல் வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. உச்சியில், காற்று வீசும் சமவெளியில், கிராமங்களிலிருந்து வந்த ஐமாரா என்ற பழங்குடி மக்களின் எல் ஆல்ட்டோ.

இதை மாறாத விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று எல் ஆல்ட்டோவில் வணிகம் செய்து பணம் சேர்த்த ஐமாரா குடும்பங்கள் பல. அவர்கள் கீழே இறங்கிப் போகாமல், மேலேயே பல மாடிக் கட்டடங்கள் கட்டுகிறார்கள். கீழ்த்தளத்தில் கடைகள், நடுவில் விழா மண்டபம், உச்சியில் சொந்த வீடு, சுவரெங்கும் ஆண்டீஸ் நெசவுத் துணிகளின் வண்ணமும் கோலமும். ஃப்ரெடி மமானி என்ற கட்டடக் கலைஞர் இந்தப் பாணியை உலகறியச் செய்தவர்.

அவ்வளவு உயரத்தில் மூச்சு விட முடியுமா?

முடியும், பழகிக்கொள்ள வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எல்லா இடத்திலும் இருப்பதுபோல 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறைவு, கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. புதிதாக வருபவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். இதை அங்கே சொரோச்சே என்பார்கள். முதல் இரண்டு நாள் மெதுவாக நடந்து, தண்ணீர் நிறையக் குடித்து, இரவில் குறைவாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். மூச்சுத்திணறல் அதிகமானாலோ குழப்பம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், உடனே தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும்.

விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள் (கொக்கெய்ன் எடுக்கும் அதே செடியின் இலை). அங்கே அது சட்டப்படி சாதாரணப் பானம். ஆனால் இலையையோ தேநீர்ப் பைகளையோ பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம்.

இன்னொரு விஷயம், தண்ணீர் இங்கே சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது பெரும்பாடு.

விமான நிலையமும் அந்த உயரத்திலா?

ஆமாம். எல் ஆல்ட்டோ விமான நிலையம் சுமார் 4,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் விமானம் மேலெழ அதிக வேகம் வேண்டும், அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். இங்கே ஓடுபாதை 4 கிலோமீட்டர்.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

பள்ளத்தாக்கில் ஐமாரா மக்களின் ஊர்கள் இருந்தன, ஆற்று மணலில் தங்கம் அரித்தார்கள். பிறகு இன்காக்களின் ஆட்சி வந்தது. ஐமாரா மொழியில் இன்றும் இந்த நகரத்துக்கு சுக்கியாப்பு மார்க்கா என்றுதான் பெயர். மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் தியாவானாக்கு என்ற பழம்பெரும் கற்கோயில் நகரம் இருக்கிறது. அது இன்காக்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையது, கி.பி. 1000-ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. லா பாஸின் கதையைப் படிப்பவர்கள் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பின்னே, ஸ்பானியர்கள் ஏன் இந்தக் குழியைத் தேர்ந்தெடுத்தார்கள்?

முதலில் தேர்ந்தெடுத்தது குழியை அல்ல. பெருவைப் பிடித்த ஸ்பானியர்கள் கொள்ளைக்காகத் தங்களுக்குள்ளேயே போரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயின் மன்னரை எதிர்த்துக் கிளம்பிய கொன்சாலோ பிசாரோ 1548 ஏப்ரலில் தோற்கடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். சண்டை ஓய்ந்ததன் நினைவாக, அமைதியின் அன்னை என்ற பொருளில் பெயரிட்டு (லா பாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் அமைதி), ஒரு நகரம் நிறுவும்படி மன்னரின் பிரதிநிதி பெத்ரோ தெ லா காஸ்கா உத்தரவிட்டார். 1548 அக்டோபர் 20 அன்று தளபதி அலோன்சோ தெ மெந்தோசா, மேட்டுச் சமவெளியில் உள்ள லாஹா என்ற சிற்றூரில் நகரத்தை நிறுவினார்.

லாஹாவில் காற்றும் குளிரும் தாங்க முடியாதவை. சில நாட்களிலேயே நகரத்தைப் பள்ளத்தாக்குக்குள் மாற்றிவிட்டார்கள். காற்றுக்கு மறைவு, தண்ணீர், தங்கம் கிடைக்கும் ஆறு, வேலை வாங்குவதற்குப் பக்கத்திலேயே ஐமாரா ஊர்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. ஆற்றின் ஒரு கரையில் ஸ்பானியரின் சதுரத் தெருக்கள், மறுகரையில் சான் செபஸ்தியான், சான் பெத்ரோ, சான் ஃபிரான்சிஸ்கோ கோயில்களைச் சுற்றிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். நகரம் இப்படிப் பிரிந்தே பிறந்தது.

தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஊரைப் பிழைக்க வைத்தது வணிகப் பாதை. பெருவின் லிமா, குஸ்கோ நகரங்களிலிருந்து தெற்கே பொத்தோசியின் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் லா பாஸ் நடுவே இருந்தது. மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் யுங்காஸ் என்ற வெப்பமான சரிவுகள், அங்கே கோக்கா தோட்டங்கள். சுரங்கத்தில் பசியும் களைப்பும் தெரியாமல் வேலை செய்யத் தொழிலாளர்கள் மென்ற கோக்கா இலை லா பாஸ் வழியாகத்தான் போனது. இந்த ஊர் வணிகர்களின் செல்வம் அந்த இலையில் வந்தது.

1781 முற்றுகை என்றால் என்ன? ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

லா பாஸைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்வைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழங்குடி மக்கள் மேல் சுமை ஏறிக்கொண்டே போனது. தலைவரி, சுரங்கத்தில் கட்டாய வேலை, சுங்கவரி. இவை போதாதென்று, மாவட்ட அதிகாரிகள் மக்களுக்குத் தேவையே இல்லாத சரக்குகளைத் தாங்கள் வைத்த விலைக்குக் கட்டாயமாகத் தலையில் கட்டினார்கள். 1780-ல் குஸ்கோ பக்கம் இரண்டாம் துப்பாக் அமாருவும், பொத்தோசிப் பக்கம் தோமாஸ் கட்டாரியும் கிளர்ந்தெழுந்தார்கள். லா பாஸ் பக்கத்தில் எழுந்தவர் ஹூலியான் அப்பாசா, கோக்காவும் துணியும் விற்ற ஒரு ஐமாரா சிறுவணிகர். அந்த இரு தலைவர்களின் பெயர்களையும் இணைத்துத் துப்பாக் கட்டாரி என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

1781 மார்ச்சில் அவருடைய படை மேட்டில், இன்று எல் ஆல்ட்டோ இருக்கும் விளிம்பில், முகாமிட்டு நகரத்துக்கு வரும் எல்லா வழிகளையும் அடைத்தது. கீழே குழிக்குள் தளபதி செபஸ்தியான் தெ செகுரோலா மண்சுவரும் அகழியும் எழுப்பி நகரத்தைக் காத்தார். பீரங்கியும் துப்பாக்கியும் கீழே இருந்தவர்களிடம்; ஆள்பலமும் உயரமும் மேலே இருந்தவர்களிடம். நகருக்குள் சோறு தீர்ந்தது. கழுதை, நாய், பூனை, கடைசியில் தோல் வரை தின்றார்கள். முற்றுகை 109 நாள் நீடித்தது, ஒரு படை வந்து மீட்டது. அந்தப் படை விலகியதும் ஆகஸ்டில் இரண்டாம் முற்றுகை. அப்போது துப்பாக் அமாருவின் உறவினர் ஆந்திரேஸ், சோக்கேயாப்பு ஆற்றை நகருக்கு மேலே அணைகட்டித் தேக்கி, வெள்ளத்தால் நகரை அழிக்க முயன்றார். அதே உத்தியால் அதற்கு முன் சொராத்தா நகரத்தைப் பிடித்தவர் அவர். லா பாஸில் அது முழுமையாகப் பலிக்கவில்லை. அக்டோபரில் ஹோசே தெ ரெசெகின் தலைமையில் வந்த படை முற்றுகையை உடைத்தது. பட்டினியிலும் நோயிலும் சண்டையிலும் இரு தரப்பிலும் இறந்தவர்கள் பல ஆயிரம்.

துப்பாக் கட்டாரி காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். 1781 நவம்பர் 15 அன்று பெஞ்ஞாஸ் என்ற ஊரில் அவர் கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். உடலின் துண்டுகளைப் பல ஊர்களில் காட்சிக்கு வைத்தார்கள். படை நடத்துவதில் அவருக்குச் சமமாக நின்ற மனைவி பார்த்தோலினா சீசாவை 1782 செப்டம்பர் 5 அன்று லா பாஸில் கொன்றார்கள். அந்தத் தேதி இன்று உலகெங்கும் பழங்குடிப் பெண்களின் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2013-ல் விண்ணில் ஏவப்பட்ட பொலிவியாவின் முதல் செயற்கைக்கோளுக்குப் பெயர் துப்பாக் கட்டாரி.

கீழே இருந்தவர்களின் நினைவில் இதே நிகழ்வு பயமாகப் படிந்தது. மேட்டு மக்கள் ஒருநாள் வழியை அடைப்பார்கள் என்ற அச்சம் இந்த ஊரின் வசதியான குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 24-ல் நடக்கும் அலசித்தாஸ் திருவிழாவையும் இந்த முற்றுகையோடு இணைத்துச் சொல்வார்கள். அன்று நண்பகலில் மக்கள் சின்னஞ்சிறு வீடு, கார், அரிசி மூட்டை, பணக் கட்டு எல்லாம் வாங்கி, எக்கேக்கோ என்ற செழிப்புத் தெய்வத்தை நினைத்து ஆசி பெறுவார்கள். ஆண்டுக்குள் அது நிஜமாகக் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

1809 புரட்சி வேறா?

வேறு, ஆட்களும் வேறு. 1809 ஜூலை 16 அன்று நகருக்குள் இருந்த கலப்பினத்தவரும் தென்னமெரிக்காவில் பிறந்த ஸ்பானிய வம்சாவளியினரும் ஸ்பானிய ஆட்சியாளரை நீக்கித் தங்கள் ஆட்சிக்குழுவை அமைத்தார்கள். தலைவர் பெத்ரோ தொமிங்கோ முரில்யோ. சில மாதங்களில் அடக்கப்பட்டார்கள், 1810 ஜனவரி 29 அன்று முரில்யோ தூக்கிலிடப்பட்டார். நாடாளுமன்றமும் அதிபர் மாளிகையும் இருக்கும் மையச் சதுக்கத்துக்கு அவர் பெயர். விடுதலைக்கு வந்த வழி நீண்டது. 1824 டிசம்பரில் பெருவின் அயாகுச்சோவில் ஸ்பானியர் தோற்ற பிறகு, 1825-ல் பொலிவியா தனி நாடானது.

முரில்யோவுக்கு நகரின் நடுவே சிலை எப்போதோ வந்துவிட்டது. கட்டாரிக்கும் சீசாவுக்கும் அந்த மரியாதை கிடைக்க மிகவும் காலம் பிடித்தது. அந்தத் தாமதம் நியாயமில்லாதது என்றே நினைக்கிறேன்.

பொலிவியாவின் தலைநகரம் லா பாஸா, சுக்ரேயா?

அரசியலமைப்பின்படி சுக்ரே. அரசு நடப்பது லா பாஸில். அதிபர், அமைச்சகங்கள், நாடாளுமன்றம் எல்லாம் இங்கே. உச்ச நீதிமன்றம் மட்டும் சுக்ரேயில். பொது அறிவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டையும் இப்படியே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காரணம் ஒரு உள்நாட்டுப் போர். 19-ம் நூற்றாண்டில் சுக்ரேயின் பின்னால் நின்றது பொத்தோசிப் பக்கத்து வெள்ளி முதலாளிகளின் பணம், கட்சியில் அவர்கள் பழமைவாதிகள். நூற்றாண்டின் இறுதியில் வெள்ளி விலை சரிந்தது, வெள்ளீயம் ஏறியது. லா பாஸின் தாராளவாதக் கட்சிக்குப் பலம் கூடியது. 1898-ல் தலைநகரை நிரந்தரமாகச் சுக்ரேயில் நிலைநிறுத்தும் சட்டம் வந்ததும் லா பாஸ் கிளர்ந்தது. ஹோசே மனுவேல் பாந்தோ தலைமையில் தாராளவாதிகள் 1899-ல் வென்றார்கள், அரசும் நாடாளுமன்றமும் லா பாஸுக்கு வந்தன.

அந்த வெற்றிக்கு உயிரைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி பாப்லோ சாராத்தே வில்கா திரட்டிய ஐமாரா படையினர். நிலத்தைத் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையில் பாந்தோவோடு சேர்ந்தார்கள். வென்ற பிறகு தாராளவாதிகள் வில்காவையே கைது செய்தார்கள். நிலமும் திரும்பவில்லை. தலைநகரச் சண்டையாகவே இதைச் சொல்லி முடித்துவிடும் புத்தகங்கள் உண்டு. இந்தத் துரோகத்தை விட்டுவிட்டு 1899-ஐச் சொல்ல முடியாது.

சச்சரவு இன்னும் முழுதாக ஆறவில்லை. 2007-ல் புதிய அரசியலமைப்பு எழுதும்போது சுக்ரே தன் பழைய உரிமையைக் கேட்டது. எதிர்த்து லா பாஸ், எல் ஆல்ட்டோ மக்கள் ஜூலை 20 அன்று பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். அன்று மேடும் குழியும் ஒரே பக்கம் நின்றன. 2009-ல் வந்த அரசியலமைப்பு சுக்ரேயைத் தலைநகர் என்று எழுதியது, அரசு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல் ஆல்ட்டோ தனி நகரமா?

ஆமாம், 1985-ல் தனி நகராட்சியானது. 2012 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 8.5 லட்சம் பேர், லா பாஸில் 7.6 லட்சம். அதாவது மேலே உள்ள ஊர் கீழே உள்ளதை மிஞ்சிவிட்டது.

வளர்ந்த விதம் இப்படி. 1952 ஏப்ரல் புரட்சிக்குப் பிறகு எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது, 1953-ல் நிலச் சீர்திருத்தம் வந்தது, பண்ணை அடிமைத்தளை அறுந்தது. கிராமத்து ஐமாரா மக்கள் நகரத்தை நோக்கி வரத் தொடங்கினார்கள். குழிக்குள் இடமில்லை, விலையும் எட்டாது, விளிம்பிலேயே குடிசை போட்டார்கள். 1980-களில் இரண்டு அடிகள் சேர்ந்து விழுந்தன. வறட்சி ஒன்று. 1985-ல் வெள்ளீய விலை சரிந்து அரசுச் சுரங்கங்களிலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தது இன்னொன்று. அவர்களில் பலர் எல் ஆல்ட்டோவுக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். வரும்போது தொழிற்சங்க அனுபவத்தையும் கொண்டுவந்தார்கள். கிராமத்துச் சமூகக் கட்டுப்பாடும் சுரங்கத்துச் சங்க ஒழுக்கமும் கலந்த குடியிருப்போர் சங்கங்கள் அங்கே உருவாயின. தண்ணீர்க் குழாய், மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சங்கங்கள் போராடியும் தாங்களே கைவேலை செய்தும் பெற்றவை.

2003 அக்டோபரில் என்ன நடந்தது?

நாட்டின் இயற்கை எரிவாயுவைச் சிலி நாட்டுத் துறைமுகம் வழியாக வட அமெரிக்காவுக்கு விற்க அரசு திட்டமிட்டது. 1879-ல் தொடங்கிய போரில் பொலிவியாவின் கடற்கரை முழுவதையும் பறித்துக்கொண்ட நாடு சிலி. அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை. அதோடு, காலங்காலமாக வெள்ளியும் வெள்ளீயமும் போன வழியில் எரிவாயுவும் போய்விடும், தங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற கோபம்.

எல் ஆல்ட்டோ சாலைகளை அடைத்தது. பெரு, ஒருரோ பக்கத்துச் சாலைகள், விமான நிலையம், செங்காத்தா எரிபொருள் கிடங்கு எல்லாம் மேட்டில்தான். கீழே சமையல் எரிவாயு, பெட்ரோல், ரொட்டி தீர்ந்தது. எரிபொருள் லாரிகளை ராணுவக் காவலோடு இறக்க முயன்றபோது துப்பாக்கிச்சூடு. அந்த வாரங்களில் இறந்தவர்கள் 60-க்கும் மேல், பெரும்பாலும் எல் ஆல்ட்டோ மக்கள். அக்டோபர் 17 அன்று அதிபர் கொன்சாலோ சாஞ்செஸ் தெ லோசாதா பதவி விலகி அமெரிக்காவுக்குப் பறந்தார். 1781-ல் தோற்ற அதே உத்தி, அதே விளிம்பில், இம்முறை ஓர் அரசையே இறக்கியது.

நகரத்துக்குள் ஏன் கேபிள் கார்?

வேறு வழி கடினம் என்பதால். இந்தச் சரிவில் சாலை வளைந்து வளைந்துதான் ஏற முடியும். மினிபஸ்களில் நெரிசல் தாங்காது. சுரங்க ரயில் போட மண் ஒத்துழைக்காது. மி தெலெஃபெரிக்கோ என்ற இந்தச் சேவையின் முதல் தடமான சிவப்புத் தடம் 2014 மே மாதம் திறக்கப்பட்டது. 2019-ல் பத்தாவது தடமும் வந்து, மொத்த நீளம் 30 கிலோமீட்டரைத் தாண்டியது. சுற்றுலாவுக்காகக் கட்டிய சாதனம் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள்தான் அதிகம் ஏறுகிறார்கள். நிலையங்களின் பெயர்ப்பலகையில் ஸ்பானிய மொழியோடு ஐமாராவும் உண்டு. எல் ஆல்ட்டோ சந்தையில் வியாபாரம் செய்யும் பெண் அகலப் பாவாடையும் தொப்பியுமாகச் சோனா சுர் வீடுகளின் தலைக்கு மேல் மிதந்து போவது, 1952-க்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி. அதுவரை பழங்குடி மக்கள் முரில்யோ சதுக்கத்தில் கால்வைப்பதற்கே தடை இருந்தது.

இந்த ஊரில் வாழ்வது ஆபத்தா?

நில அமைப்பு ஆபத்தானதுதான். சரிவு முழுக்க இளகிய மண். கீழே நூற்றுக்கணக்கான ஓடைகள், பலவற்றின் மேல் மூடி போட்டுச் சாலை அமைத்துவிட்டார்கள். நகரின் முக்கிய வீதியான எல் பிராதோவும் சோக்கேயாப்பு ஆற்றுத் தடத்தை ஒட்டித்தான் போகிறது; மையப்பகுதியில் அந்த ஆறு கண்ணுக்கே தெரியாது. 2002 பிப்ரவரி 19 அன்று ஒரே மணி நேரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டித் தெருக்கள் ஆறாகின, சுமார் 70 பேர் இறந்தார்கள். 2011 பிப்ரவரியில் கிழக்குச் சரிவில் பெரிய நிலச்சரிவு பல நூறு வீடுகளை விழுங்கியது. முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. அதே அரிப்பு ஆள் இல்லாத இடத்தில் அழகாகவும் இருக்கும்: தெற்கே மல்யாசா அருகே நிலாப் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் களிமண் கூம்புகள் காடுபோல நிற்கின்றன.

பனிமலைகள் உருகுகின்றனவா? தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

உருகுகின்றன. நகரின் தென்கிழக்கில் தெரியும் இல்லிமானி 6,400 மீட்டருக்கு மேல் உயரம், அதில் இன்னும் பனி இருக்கிறது. வடக்கே சக்கால்தாயா மலையில் 5,000 மீட்டருக்கு மேல் உலகின் மிக உயரமான பனிச்சறுக்குத் தளம் இருந்தது. அந்தப் பனியாறு 2009-ல் முழுதாக மறைந்துவிட்டது, இப்போது வெறும் பாறை.

நகரத்துத் தண்ணீர் மலையடி அணைகளில் தேங்கும் மழைநீரும் பனிநீரும்தான். 2016 நவம்பரில் மழை தவறி அஹுவான் கோத்தா, இன்காச்சாக்கா, அம்பாதுரி அணைகள் ஏறக்குறைய வற்றின. 90-க்கும் மேற்பட்ட பகுதிகளில் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. அந்த அணைகளை நம்பியிருந்தது சோனா சுர். வசதியான வீட்டுக்காரர்களும் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். நிர்வாகம் முன்னெச்சரிக்கையாக இருந்திருந்தால் இந்த நிலை இவ்வளவு மோசமாகியிருக்காது. உருகும் பனியை நிறுத்த நகராட்சியால் முடியாது, அணை மட்டத்தைக் கண்காணித்து மக்களுக்கு நேரத்தோடு சொல்ல முடியும்.

கால்பந்தில் பொலிவியா சொந்த ஊரில் மட்டும் ஏன் பலசாலி?

எர்நாந்தோ சீலெஸ் மைதானம் 3,600 மீட்டருக்கு மேல் இருப்பதால். 1993-ல் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் தோல்வி இங்கேதான். 2009-ல் அர்ஜென்டினா 6–1 என்று தோற்றது. இடையில் 2007-ல் இவ்வளவு உயரத்தில் சர்வதேச ஆட்டமே கூடாது என்று ஃபிஃபா தடை போட்டு, எதிர்ப்பு வந்ததும் அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது. பிறந்து வளர்ந்த மண்ணில் ஆடுவதைக் குற்றமாக்கக் கூடாது என்பதில் பொலிவியர்களின் பக்கம்தான் நான்.

நேரில் போனால் எப்போது போகலாம், எதை முதலில் பார்க்கலாம்?

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். வானம் தெளிவு, இல்லிமானி நன்றாகத் தெரியும், இரவில் கடுங்குளிர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை, நிலச்சரிவுகளும் அப்போதுதான். அலசித்தாஸ் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி 24-க்குப் போய்ச் சேருங்கள்.

முடிந்தால் முதல் இரண்டு இரவு சோனா சுரில் தங்குங்கள், உடம்பு பழகும். பிறகு பழைய ரயில் நிலையத்தருகே சிவப்புத் தடத்தில் ஏறி எல் ஆல்ட்டோவின் 16 தெ ஹூலியோ போங்கள். வியாழன், ஞாயிறுகளில் அங்கே மிகப்பெரிய சந்தை கூடும். அங்கிருந்து வெள்ளித் தடம் விளிம்பை ஒட்டியே போகும், துப்பாக் கட்டாரியின் படை எதைப் பார்த்துக்கொண்டு நின்றது என்பது ஜன்னலில் தெரியும். அப்புறம் மஞ்சள் தடம், பச்சைத் தடம் என்று மாறி இர்ப்பாவிக்கு இறங்கிவிடலாம். அரைநாள் போதும். சில்லறை கையில் வைத்திருங்கள்.